வேப்பங்கொட்டையா, எண்ணெயா, பாட்டில் மருந்தா, பூண்டு மிளகாயா? காய்கறிப் பயிருக்கு எது?

"வெண்டைக்கும் கத்தரிக்கும் ரசாயனம் அடிக்க மனமில்லை. வேப்ப எண்ணெய் அடிக்கலாமா, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைக்கலாமா, பூண்டு மிளகாய் அரைத்து அடிக்கலாமா?" இந்தக் கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே எதையோ அடித்துப் பார்த்து, பூச்சி அப்படியே இருக்கிறதே என்று சலித்தவர்கள். இன்னும் சிலர் "இயற்கைதானே, கொஞ்சம் கூடுதலாக அடித்தால் என்ன" என்று அடித்து இலையைக் கருக்கியவர்கள். இந்த இரண்டையும் நானும் செய்திருக்கிறேன்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், எல்லோரும் "எது பவர் அதிகம்" என்று கேட்கிறார்கள். தாவரச் சாறுகளில் அந்தக் கேள்விக்குப் பெரிய பயன் இல்லை. பூச்சி என்ன வயதில் இருக்கிறது, நீங்கள் வாரத்தில் எத்தனை முறை இலையைத் திருப்பிப் பார்க்க முடியும் என்ற இரண்டும்தான் தேர்வை முடிவு செய்கின்றன.

## எதை வைத்து அளப்பது

முதலில் பூச்சி. அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், மாவுப்பூச்சி போன்றவை உடம்பு மென்மையானவை. சாறு உறிஞ்சிப் பிழைப்பவை. புழுக்கள் இலையைக் கடித்துத் தின்பவை. வண்டுகளுக்கு ஓடு கெட்டி. காய்த்துளைப்பான் புழு காய்க்குள் போய்விட்டால் வெளியே எதை அடித்தாலும் அதற்குத் தெரியாது. ஒரே பூச்சியிலும் முட்டையிலிருந்து வந்து இரண்டு நாளான புழு வேறு, விரல் நீளம் வளர்ந்த புழு வேறு.

இரண்டாவது, பலன் தெரிய எத்தனை நாள் ஆகும் என்பது. மூன்றாவது, கரைசலில் வேலை செய்யும் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்பது. வீட்டில் தயாரிப்பவற்றில் பெரும்பாலும் தெரியாது. நான்காவது, அடித்தது எத்தனை நாள் நிற்கும், அதாவது எத்தனை முறை திரும்ப அடிக்க வேண்டும் என்பது. ஐந்தாவது, இலைக்கும் பொறிவண்டு, தேனீ, ஒட்டுண்ணிக் குளவி போன்ற நல்ல பூச்சிகளுக்கும் அடிப்பவரின் கண்ணுக்கும் தோலுக்கும் வரும் கேடு.

இந்த ஐந்தையும் ஓர் அட்டவணையில் போட்டால் இப்படி வரும்.

| வகை | நன்றாகக் கேட்கும் பூச்சி | பலன் தெரிய | நிற்கும் காலம் | அளவு நிச்சயம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| வேப்பங்கொட்டைச் சாறு (5%) | இளம் புழு, வெள்ளை ஈக் குஞ்சு, இலைப்பேன், அசுவினி | 3 முதல் 7 நாள் | சில நாட்கள் | கொட்டையின் தரத்தைப் பொறுத்தது | இடித்து, ஊறவைத்து, வடிகட்டும் உழைப்பு |
| வேப்ப எண்ணெய் | அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி, சிலந்திப்பேன் | பட்டவற்றில் ஓரிரு நாள் | சில நாட்கள் | நடுத்தரம் | வெயிலில் இலை கருகுதல் |
| பாட்டில் அசாடிராக்டின் (வேம்பில் வேலை செய்யும் பொருள்) | கொட்டைச் சாற்றுக்குக் கேட்பவை | 3 முதல் 7 நாள் | சில நாட்கள் | லேபிளில் எழுதியிருக்கும் | பழைய சரக்கு, காரத் தண்ணீர் |
| பூண்டு மிளகாய்க் கரைசல் | அசுவினி போன்ற மென்மையானவை, ஆரம்ப நிலையில் | அன்றே, கொஞ்சமாக | ஓரிரு நாள் | இல்லை | கண், கை எரிச்சல். அடிக்கடி அடிக்கும் வேலை |
| புளிக்கவைத்த இலைக் கரைசல் | ஆளுக்கு ஆள் மாறும் | மாறும் | ஓரிரு நாள் | இல்லை | காத்திருக்கும் நாட்கள் |
| பைரித்ரம் (ஒருவகைச் சாமந்திப் பூ மருந்து) | பறப்பவை, வண்டு, புழு | சில நிமிடம் | வெயிலில் ஒரு நாளுக்குள் | லேபிளில் எழுதியிருக்கும் | தேனீ, மீன், நல்ல பூச்சி |

கட்டத்துக்குள் அடங்காத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## வேப்பங்கொட்டைச் சாறு

1959-இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை இறங்கியபோது மற்ற மரங்களை மொட்டையடித்துவிட்டு வேப்பமரங்களை மட்டும் விட்டுவிட்டுப் போனதை ஹைன்ரிக் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் கவனித்தார். வெட்டுக்கிளிகள் மரத்தடியில் செத்து விழுந்து கிடக்கவில்லை. தின்னாமல் போயின, அவ்வளவுதான். வேம்பின் குணம் முழுக்க இந்தக் காட்சியில் இருக்கிறது.

கொட்டைக்குள் இருக்கும் பருப்பில்தான் அசாடிராக்டின் அதிகம். இலையில் அதைவிட மிகக் குறைவு. அதனால் கொட்டை கிடைக்கும் இடத்தில் இலையை அரைத்து மெனக்கெட வேண்டாம். அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும். தோலுரிக்க வைக்கும் ஹார்மோனைக் குழப்பும். தோலுரிக்க முடியாத புழு அடுத்த பருவத்துக்குப் போகாமல் சாகும். தப்பிப் பெரிதாகும் பூச்சியும் முட்டை குறைவாக இடும். ஆனால் அடித்த மறுநாள் போய்ப் பார்த்தால் புழு இலை மேலேயே உட்கார்ந்திருக்கும். "ஒன்றும் ஆகவில்லை" என்று வேறு மருந்துக்கு ஓடுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். புழு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். புதிய ஓட்டை விழுகிறதா, புதிய எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

5 சதவீதக் கரைசல் என்றால் 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. சிறிய தோட்டத்துக்கு லிட்டருக்கு 50 கிராம். பருப்பை மைய அரைக்காமல் எண்ணெய் பிரியாத அளவுக்கு இடித்து, துணியில் கட்டி, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் பால் நிறம் போகும்வரை பிழிந்து, இரட்டைத் துணியில் வடிகட்டி, தேவையான அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, இலையில் ஒட்ட சோப்புக் கரைசல் கலந்து அன்று மாலையே அடித்துவிட வேண்டும். கொதிக்க வைக்கக் கூடாது. சூட்டில் வேலை செய்யும் பொருள் கெடும். மாலை என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் அசாடிராக்டினைச் சிதைக்கிறது. காலை பத்து மணிக்கு அடித்தால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கை அன்றைக்கே வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள்.

இதில் யாரும் சொல்லாத செலவு கொட்டையைப் பாதுகாப்பது. பழுத்து விழுந்ததைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்தி, காற்று போகும் சாக்கில் வைக்க வேண்டும். எடுத்து மூன்று மாதம் ஆன பிறகு, எட்டு பத்து மாதத்துக்குள் பயன்படுத்துவதுதான் நல்லது. நான் ஒரு வருடம் அரைகுறையாக உலர்த்தியதை பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தேன். திறந்தபோது பாதிக் கொட்டையில் பூசணம். கொட்ட மனம் வராமல் அதையே ஊறவைத்து முட்டைக்கோசுக்கு அடித்தேன். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் சந்தோஷமாகத் தின்றுகொண்டிருந்தன. பூசணம் பிடித்த கொட்டையில் சத்தும் போயிருக்கும், பூசண நஞ்சும் சேர்ந்திருக்கும். தூக்கிப் போடுவதுதான் சரி.

இன்னொரு செலவு தெளிப்பான். வடிகட்டல் சரியில்லை என்றால் மூக்கு அடைத்துக்கொள்ளும். ஒரு டேங்க் அடித்து முடிப்பதற்குள் நான்கு முறை கழற்றி ஊத வேண்டியிருக்கும்.

ஆள் பலமும் நேரமும் இருப்பவருக்கு, வாரம் இரண்டு முறை வயலைச் சுற்றிப் பார்ப்பவருக்கு, என் முதல் தேர்வு இதுதான்.

## வேப்ப எண்ணெய்

எண்ணெய் வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேறு. பூச்சியின் உடம்பில் படிந்து மூச்சுத் துளைகளை அடைக்கிறது. செக்கில் ஆட்டிய கசப்பு எண்ணெய் என்றால் கொஞ்சம் அசாடிராக்டினும் இருக்கும். சுத்திகரித்த வேப்ப எண்ணெயில் அதைப் பிரித்து எடுத்திருப்பார்கள். அது வெறும் எண்ணெயாகத்தான் வேலை செய்யும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிட்டு, புழு சாகவில்லை என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. புழுவுக்குக் கொட்டைச் சாறு, அசையாமல் கூட்டமாக ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிக்கும் செதில் பூச்சிக்கும் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளலாம். சாம்பல் நோயும் இதில் ஓரளவு அடங்கும் என்பது கூடுதல் லாபம்.

பூச்சி மேல் பட்டால்தான் பலன். பூச்சி இலையின் அடியில்தான் இருக்கும். மேலாகத் தூவிவிட்டு வருவது வீண்வேலை.

கலப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் கலக்கினால் கலக்காது. முதலில் சோப்புக் கரைசலோடு எண்ணெயைச் சேர்த்து வெண்மையாகும்வரை குலுக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் கலவை சரியில்லை என்று அர்த்தம். அப்படியே அடித்தால் முதல் வரிசைகளுக்கு வெறும் தண்ணீர் போகும், கடைசி வரிசைக்குச் சுத்த எண்ணெய் போகும். கருகுவது அந்தக் கடைசி வரிசைதான்.

அளவில் நான் கஞ்சத்தனம் செய்யச் சொல்வேன். 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி வரை பரிந்துரைகளில் வருகிறது. இளம் நாற்றுக்கும் வெள்ளரி, பூசணி போன்ற மென்மையான இலைக்கும் லிட்டருக்கு 5 மில்லியில் தொடங்கி, இரண்டு செடியில் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போவது நல்லது. தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் செடிக்கு எண்ணெய் கூடாது. 30 டிகிரிக்கு மேல் வெயில் கொளுத்தும் நேரத்திலும் கூடாது. கந்தகம் அடித்திருந்தால் இரண்டு வாரம் இடைவெளி விட வேண்டும். என் வெள்ளரிக் கொடி உச்சிவெயிலில் எண்ணெய் வாங்கி இரண்டே நாளில் ஓரம் சுருண்டு காகிதமாகிப் போனது. அசுவினிகூட அவ்வளவு சேதம் செய்திருக்காது.

## பாட்டிலில் வரும் அசாடிராக்டின்

வேம்பில் ஆராய்ச்சி செய்தவர்கள் 1968-இல் அசாடிராக்டினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இன்று கடைக்கு வரும் வேம்பு மருந்துகளில் அதன் அளவை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் எழுதியிருப்பார்கள்: 300, 1500, 10000 என்று. இந்த எண்ணைப் படிக்கத் தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1500 பிபிஎம் மருந்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்தால் தெளிக்கும் தண்ணீரில் 7.5 பிபிஎம் இருக்கும். 10000 பிபிஎம் மருந்தை 2 மில்லி கலந்தால் 20 பிபிஎம். 300 பிபிஎம் மருந்தை 5 மில்லி கலந்தால் வெறும் 1.5. ஆகவே "பெரிய பாட்டில், குறைந்த விலை" என்பது பல நேரம் எண்ணெயும் சோப்பும் வாங்குவதுதான். லிட்டர் கணக்கில் விலையை ஒப்பிடாதீர்கள். தெளிக்கும் கரைசலில் எத்தனை பிபிஎம் வருகிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

இதன் பலம் நிச்சயம். இன்று அடித்ததும் அடுத்த வாரம் அடிப்பதும் ஒரே அளவாக இருக்கும். ஊறவைக்கும் வேலை கிடையாது. அறுவடைக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பதும் லேபிளில் இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, மருந்து பாட்டிலுக்குள்ளேயே மெல்ல மெல்லச் சிதையும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, அந்தப் பருவத்திலேயே தீர்த்துவிட வேண்டும். இரண்டு, தண்ணீர். உப்புத் தண்ணீர், காரத் தண்ணீர் வரும் கிணற்றுக்காரர்கள் கவனிக்கவும். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8-ஐத் தாண்டிய தண்ணீரில் அசாடிராக்டின் நிற்காது. 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. பிஎச் தாள் வாங்கி ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். தேவைப்பட்டால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு இறக்கலாம். கலந்த கரைசலை மறுநாளைக்கு வைக்கவே வேண்டாம். தண்ணீரின் பிஎச் பார்ப்பதும் கலந்ததை வைக்காமல் இருப்பதும் வீட்டில் எடுக்கும் கொட்டைச் சாற்றுக்கும் பொருந்தும்.

கொட்டைச் சாற்றுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில் அசுவினிக்கு 40 தலைமுறை தொடர்ந்து சுத்தமான அசாடிராக்டின் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு ஒன்பது மடங்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. அதே அளவு அசாடிராக்டின் உள்ள முழு வேப்பங்கொட்டைச் சாறு கொடுத்த கூட்டத்துக்கு அப்படி வரவில்லை. கொட்டையில் பல பொருள்கள் சேர்ந்து வேலை செய்வதால், பூச்சிக்கு ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று கண்டுபிடிக்க வழியில்லை.

பெரிய பரப்பு, ஆள் கிடையாது, கொட்டை கிடைக்காது என்றால் பாட்டில்தான் சரி. அதிலும் ஆரம்பத்திலேயே அடிப்பவருக்கு மட்டும்.

## பூண்டு மிளகாய்க் கரைசல்

இதைப் பற்றி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. பூண்டின் கந்தகச் சேர்மங்களுக்கும் மிளகாயின் காரத்துக்கும் பூச்சியை விரட்டும் குணம் உண்டு, உண்மைதான். ஆனால் அவை சீக்கிரம் ஆவியாகி, சிதைந்துவிடும். அசுவினி செத்துவிட்டது என்று காட்டுபவர்களிடம் கரைசலில் வேறு என்ன சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். சோப்பு இருக்கும். சோப்புத் தண்ணீர் தனியாகவே அசுவினியைக் கொல்லும். சந்தேகம் இருந்தால் ஒரு வரிசைக்கு முழுக் கரைசலும் பக்கத்து வரிசைக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் அடித்து, மூன்று நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அசுவினிக்காகப் பூண்டு உரிப்பதை விட்டுவிட்டேன்.

கண் எரிச்சல் சாதாரண விஷயம் இல்லை. காற்றுக்கு எதிரே நின்று அடித்தால் அரை நாள் அழ வேண்டியதுதான். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். பூண்டின் வீச்சம் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பிரித்துப் பார்ப்பதும் இல்லை.

மாடித் தோட்டம், பத்துப் பதினைந்து தொட்டி, ஆரம்ப நிலை அசுவினி என்றால் அடிக்கலாம். வயலுக்கு வேண்டாம்.

## புளிக்கவைத்த இலைக் கரைசல்

ஆடு தின்னாத இலையாகப் பார்த்துப் பறித்து, நறுக்கி, நாள் கணக்கில் ஊறவைக்கும் முறை. நொச்சி, ஆடாதோடை, எருக்கு, வேம்பு, புங்கம் என்று கையில் கிடைப்பது எல்லாம் போகும். கசப்பும் வீச்சமும் பூச்சியைத் தள்ளிவைக்கும் என்பது நியாயமான யோசனைதான். ஆனால் இந்த முறை ஊறவைத்ததும் போன முறை ஊறவைத்ததும் ஒன்றல்ல. ஒருவருக்குக் கேட்டது இன்னொருவருக்குக் கேட்காததன் காரணம் அதுதான். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பச்சையாகத் தின்னும் இலைகள் மேல், அறுவடை நெருங்கும்போது, புளித்த கரைசல் எதையும் அடிக்காமல் இருப்பது நல்லது. பூச்சி வருவதற்கு முன்பே வாராவாரம் விரட்டியாக அடிப்பவருக்கு இது ஒத்துவரும். பூச்சி வந்த பிறகு ஊறவைக்க ஆரம்பித்தால், கரைசல் தயாராவதற்குள் செடி தண்டாக நிற்கும்.

## பைரித்ரம்

ஒருவகைச் சாமந்திப் பூவிலிருந்து எடுப்பது. பட்ட சில நிமிடத்தில் பூச்சி மல்லாந்துவிடும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் மல்லாந்த பூச்சியில் சில, அளவு குறைவாக இருந்தால், சில மணி நேரத்தில் எழுந்து நடந்துவிடும். வெயிலில் ஒரு நாளுக்குள் சிதைந்துவிடுவதால் அறுவடைக்குப் பக்கத்தில் அடிக்க முடிவது இதன் வசதி.

தேனீக்கும் மீனுக்கும் கடும் நஞ்சு. குளம், வாய்க்கால் பக்கம் வேண்டாம். பூத்திருக்கும் செடியில் தேனீ அடங்கிய பிறகு அடிக்க வேண்டும். பொறிவண்டையும் சேர்த்துக் கொல்வதால், அடுத்த வாரம் அசுவினி முன்பைவிட வேகமாகப் பெருகும். இன்னொரு பொறி: பூவிலிருந்து வரும் பைரித்ரின் வேறு, பைரித்ராய்டு வேறு. சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் போன்றவை ஆலையில் செய்தவை. பூவின் படம் போட்டிருக்கிறதே என்று நம்பாமல் பின்பக்க லேபிளைப் படியுங்கள்.

நெருப்பு பிடித்தால் எடுக்கும் வாளி என்று இதை வைத்துக்கொள்ளலாம். தினசரி பயன்பாட்டுக்கு அல்ல.

## புகையிலைக் கஷாயம்: பட்டியலிலேயே இல்லை

இதையும் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன். நிக்கோட்டின் பூச்சியைக் கொல்லும், சந்தேகமில்லை. தோல் வழியாக உடம்புக்குள் ஏறி, அடிப்பவருக்கும் தலைசுற்றல், வாந்தி வரவைக்கும். காய்ந்த புகையிலையிலும் தேமல் வைரஸ் உயிரோடு இருக்கும். அது தக்காளி, மிளகாய்க்குத் தாவும். அமெரிக்காவில் 2014 தொடக்கத்தோடு நிக்கோட்டின் பூச்சிக்கொல்லியே முடிவுக்கு வந்தது. வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் கதையும் இதே மாதிரிதான். ஒரு காலத்தில் இயற்கை மருந்து என்று கொண்டாடினார்கள். எலிகளுக்குப் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகள் வருவதை 2000-இல் ஓர் ஆய்வு காட்டியது.

## சரி, உங்களுக்கு எது?

கீரை, வெண்டை, கத்தரி என்று சிறிய நிலம், வேப்பமரம் பக்கத்தில், மாலையில் ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்றால் கொட்டைச் சாறு. பூச்சி தலைகாட்டிய உடனே தொடங்கி, வாரத்துக்கு ஒரு முறையாவது அடிக்க வேண்டும். மழை பெய்தால் மறுபடியும்.

முட்டைக்கோசு, காலிஃபிளவர் என்று விற்பனைக்குப் பெரிதாகப் போட்டிருந்தால் பாட்டில் அசாடிராக்டின். அடித்தும் புழு அடங்கவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாமல், புழு பெரிதாகும் முன்பே பிடி (பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ்) என்ற பாக்டீரியா மருந்துக்குப் போய்விடுங்கள். அது தாவரச் சாறு இல்லை, ஆனால் புழுவை மட்டும் குறிவைக்கும், நல்ல பூச்சிகளைத் தொடாது.

தண்டில் வெள்ளையாக அப்பியிருக்கும் மாவுப்பூச்சி என்றால், முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். மிச்சத்துக்கு வேப்ப எண்ணெய், வெயில் தாழ்ந்த பிறகு.

தொட்டியில் அசுவினி மட்டும் என்றால் சோப்புத் தண்ணீர் போதும். அதற்கு முன் இலையைத் திருப்பிப் பொறிவண்டின் புழு இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். நாலைந்து தென்பட்டால் ஒரு வாரம் எதுவும் அடிக்காமல் விட்டுப் பார்க்கலாம்.

கத்தரிக்காயில் ஓட்டை விழுந்து எச்சம் வெளியே தள்ளியிருந்தால் இந்தப் பட்டியலில் எதுவும் அந்தக் காயைக் காப்பாற்றாது. வாடிய குருத்தையும் துளைத்த காயையும் வாரம் இரண்டு முறை கிள்ளி, வயல் ஓரத்தில் போடாமல் எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, அந்துப்பூச்சி விழத் தொடங்கிய வாரத்திலிருந்து கொட்டைச் சாறு அடித்தால் அடுத்த காய்ப்புக்கு உதவும்.